கையெழுத்துப் போட முன்னம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

புளியங்கூடலில் இருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கொப்பித் தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிவிட்டு, கடைசி வரியில்தான் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். முதலாளி நீட்டிய தாளில் கையெழுத்துப் போடலாமா? மறுமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். ஏன் போடக்கூடாது, போடாமல் விட்டபிறகு என்ன செய்யவேண்டும் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

இதைத் தனிக் கடிதமாக அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கதையை வேலணையில் ஒருவர், நாரந்தனையில் ஒருவர், வெள்ளவத்தைக் கடையொன்றில் நின்ற சரவணைப் பெடியன் ஒருவர் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் பகிரங்கமாக எழுதுகிறேன். உங்கள் பெயரோ கடையின் பெயரோ இதில் வராது.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாண நகரில் ஒரு புடைவைக்கடை. பத்துப் பேர் வேலை. ஏழு வருடமாக விடிய பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டிப் போய், இருட்டியபின் வீடு திரும்பியிருக்கிறீர்கள். நியமனக் கடிதம் இல்லை. சம்பளம் முதலில் கையில், பிறகு வங்கியில். ஒருநாள் சேமலாப நிதி கட்டுகிறீர்களா என்று கேட்டீர்கள். அடுத்த கிழமை ஸ்டொக் குறைகிறது என்று கதை கிளம்பியது. பிறகு மனேஜர் போன் எடுத்து, "நாளைக்கு வரவேண்டாம், முதலாளி கூப்பிடுவார்" என்றார். முதலாளி கூப்பிடவில்லை. இரண்டு கிழமை கழிந்து வீட்டுக்கு ஒரு தாள் வந்தது: சொந்தக் காரணத்தால் என் விருப்பத்துடன் விலகுகிறேன், எனக்கு வரவேண்டியது எல்லாம் பெற்றுக்கொண்டேன். கையெழுத்து வைத்தால் ஒரு மாதச் சம்பளம். வைக்காவிட்டால் ஸ்டொக் விசயம் பொலிசுக்குப் போகும். இவ்வளவுக்கும் அவர் அம்மா வழியில் உங்களுக்குச் சொந்தம். அண்ணா வெளிநாடு போகும்போது காசு மாறித் தந்தவரும் அவர்தான்.

இப்படி நிறுத்தப்பட்டவர்கள் நியாயம் கேட்டுப் போகிற இடம் தொழில் நியாயசபை. அங்கே உங்கள் விண்ணப்பம் விளக்கத்துக்கு வரும் நாளில், உங்களை நிறுத்தியது நியாயமா என்று எடுத்தவுடனே யாரும் கேட்கமாட்டார்கள். உங்களை நிறுத்தினார்களா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். முதலாளி தரப்பு "ஓம், நிறுத்தினோம்" என்று ஒப்புக்கொண்டால், அதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டுகிற சுமை அவர்கள் தலையில். அவர்கள்தான் முதலில் சாட்சி கூப்பிடவேண்டும். "நாங்கள் நிறுத்தவில்லை, அவவாகத்தான் வராமல் விட்டவ" என்று சொல்லிவிட்டால் சுமை உங்கள் பக்கம் வந்துவிடும். நிறுத்தப்பட்டதை நீங்கள் நிரூபித்த பிறகுதான் மற்றக் கதை. பழகின முதலாளிமார் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுப்பார்கள். ஒரு போன் பேச்சுக்கு என்ன சாட்சி இருக்கிறது? மனேஜர் அப்படிச் சொல்லவேயில்லை என்பார். கூட நின்ற பிள்ளைகளுக்கு அடுத்த மாதச் சம்பளம் வேண்டும், வந்து சொல்லமாட்டார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்து வைத்தால், அவர் சொல்லப்போகும் கதைக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுகிறீர்கள். ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றில்லை. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய விலகல் கடிதம் விலகல் ஆகாது என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நீந்திக் கரையேற்றுவது வில்லங்கம். உங்களுக்கு அந்த வில்லங்கம் இன்னும் வரவில்லை.

ஒருவர் தானாக வேலையை விட்டுப் போனார் என்று சொல்வதற்கு, ஆள் வராமல் இருந்தது மட்டும் போதாது. இனித் திரும்பி வருவதில்லை என்ற எண்ணமும் அவருக்கு இருந்திருக்கவேண்டும் என்று எங்கள் மேல்நிலை நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. அந்த எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்று காட்ட ஆகச் சுகமான வழி, இந்தக் கிழமையே முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுவது. தமிழிலேயே எழுதலாம். சட்டத்தரணியின் கையெழுத்து வேண்டியதில்லை. கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்:

"நான் இன்ன வருடம் இன்ன மாதத்திலிருந்து உங்கள் கடையில் விற்பனையாளராக வேலை செய்து வருகிறேன். இன்ன திகதி மாலை உங்கள் முகாமையாளர் தொலைபேசியில் என்னை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னார். அதற்கான காரணம் எனக்கு எழுத்தில் தரப்படவில்லை. இன்ன திகதி எனக்கு அனுப்பப்பட்ட விலகல் கடிதத்தில் நான் கையொப்பமிடவில்லை. நான் வேலையிலிருந்து விலகவும் இல்லை. நீங்கள் அழைக்கும் நாளில் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். என்னை நிறுத்தியிருப்பதாயின் அதன் காரணத்தை எழுத்தில் அறியத் தரவும்."

கோபமும் கண்ணீரும் வேண்டாம், அண்ணாவின் காசுக் கதையும் வேண்டாம். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போடுங்கள். தருகிற துண்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். முதலாளி மறுமொழி எழுதினாலும் உங்களுக்கு நல்லது, எழுதாவிட்டாலும் நல்லது. கூப்பிட்டால் போவேன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள், கூப்பிட்டால் போங்கள்.

நியமனக் கடிதம் இல்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அது உங்கள் குறை இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலைக்கு எடுக்கும்போதே வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டியது முதலாளியின் கடமை. தராமல் விட்டதற்கு அவர்தான் மறுமொழி சொல்லவேண்டும். ஏழு வருடம் நின்றதற்கு வேறு அத்தாட்சி தேடுங்கள். வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் விழுந்த சம்பளம், மனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், தீபாவளி விற்பனையில் கடைக்குள் எடுத்த படங்கள், உங்கள் கையெழுத்து உள்ள பில் துண்டுகள், பஸ் சீசன் டிக்கெட், எதுவென்றாலும். போனைப் பழுதுபார்க்கக் கொடுக்க முன் அதிலிருப்பதை வேறு எங்காவது எடுத்து வைத்துவிடுங்கள்.

இனிக் காசைப் பார்ப்போம். கடையில் ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும் என்பது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். ஏழு வருடச் சராசரிச் சம்பளத்தை 20,000 ரூபா என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 4,000 ரூபா. 84 மாதத்துக்கு 3 இலட்சத்து 36,000. உங்கள் பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில் கழிக்காமல் விட்டிருந்தால், இப்போது வந்து அதை உங்களிடம் கேட்க அவருக்கு வழியில்லை. பிந்திக் கட்டியதற்கு மேலதிகக் கட்டணமும் அவர் தலையில். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். "எனக்கு வரவேண்டியது எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற வசனம் அந்தத் தாளில் ஏன் இருக்கிறது என்று இப்போது விளங்கும். நீங்கள் சேமலாப நிதி பற்றிக் கேட்ட பிறகுதான் ஸ்டொக் குறையத் தொடங்கியது என்பதையும் மறக்காதீர்கள். இந்தக் காசுக்காக நியாயசபைக்குப் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், கணக்கைப் பார்த்து அறவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டால்கூட இந்த உரிமை சட்டப்படி போகாது. ஆனால் வைத்தவர்களில் எத்தனை பேர் பிறகு போய்க் கேட்கிறார்கள்?

ஒரு மாதச் சம்பளத்தைத் தந்து அனுப்பிவிடலாம் என்று உங்கள் முதலாளி நினைக்கிறார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவர் 1957க்கு முந்திய சட்டத்தில் வாழ்கிறார். அந்தக் காலத்தில் உண்மையில் அப்படித்தான் இருந்தது. எசமானுக்கு ஆளைப் பிடிக்கவில்லை என்றால் நோட்டீஸ் காசைக் கொடுத்து அனுப்பலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கோட்டுக்குப் போனாலும் நோட்டீஸ் காசுக்கு மேல் அதிகம் கிடைக்காது.

அதை மாற்றிய கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1947இல் இலங்கை அரசாங்க ஊழியர்கள் பெரிய வேலைநிறுத்தம் ஒன்றைச் செய்தார்கள். யூன் 5ஆம் திகதி பொலிஸ் சூட்டில் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் இறந்தார். அந்த வேலைநிறுத்தத்தில் முன்னின்ற அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவர் ரீ. பி. இலங்கரத்ன. அவருக்கு வேலை போயிற்று. அடுத்த வருடம் கண்டி இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். 1956இல் பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சராக வந்து உட்கார்ந்தார். 'அம்ப யஹலுவோ' என்ற சிங்களச் சிறுவர் நாவலை எழுதியவரும் இவர்தான். அவர் அமைச்சராக இருந்தபோது, 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தை 1957இல் திருத்தித் தொழில் நியாயசபைகளை உண்டாக்கினார்கள். அடுத்த வருடம் சேமலாப நிதிச் சட்டமும் வந்தது. உங்கள் இரண்டு முறைப்பாட்டுக்குமான வழி, வேலையால் நிறுத்தப்பட்ட ஒரு எழுதுவினைஞரின் காலத்தில்தான் திறந்தது.

அந்தத் திருத்தம் சாதாரணமானதல்ல. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நியாயசபை அதற்குக் கட்டுப்படாமல், நீதியும் நியாயமும் எதுவோ அதைக் கட்டளையிடலாம் என்று சொல்லிற்று. "நோட்டீஸ் காசு குடுத்திட்டன், கதை முடிஞ்சுது" என்பது அதோடு செல்லாமல் போயிற்று. எங்களுக்கு எசமான்-வேலையாள் சட்டத்தைப் படிப்பித்த இங்கிலாந்து, நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது 1971இல்தான். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணம் எங்களுக்கும் முந்திவிட்டது. 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவில், ஆறு மாதம் வேலை செய்த கடைச் சிப்பந்தியை நியாயமான காரணமில்லாமல் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் மேன்முறையீடு செய்யலாம் என்று எழுதிவைத்தது. இந்த விடயத்தில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1982இல் செய்த 158ஆம் இலக்கச் சமவாயத்தை மட்டும் இலங்கையும் இந்தியாவும் இன்றுவரை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

இந்த நியாயசபைகள் ஒருமுறை மயிரிழையில் தப்பின. வழக்கு எங்கள் பக்கத்து வழக்கு. கிழக்கு மாகாண விவசாயக் கூட்டுறவு யூனியனில் வேலை செய்த ஒருவருக்காக ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கம் நியாயசபைக்குப் போனது. எதிர்த் தரப்பில் யூனியனின் தலைவர் கே. டபிள்யூ. தேவநாயகம். பின்னாளில் நீதி அமைச்சராக இருந்தவர் அவர்தான். நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்காத ஒருவர் எப்படி நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொல்லலாம் என்று கேள்வி எழும்பி, கொழும்பில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றும் கொண்டது. அது நிலைத்திருந்தால் நாடெங்கும் நியாயசபைகள் போட்ட கட்டளைகள் வெறும் தாளாகியிருக்கும். அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் 1967இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை மாற்றியது. யாரோ ஒரு கூட்டுறவு ஊழியரின் வேலைக்காகத் தொடங்கிய வழக்கு இலண்டன் வரை போய்த்தான் அந்தக் கதவு சாத்தப்படாமல் நின்றது.

நீங்கள் கேட்ட "பதினைந்து பேர்" கணக்குக்கு வருகிறேன். கடையில் பத்துப் பேர்தான், அதனால் சட்டம் இல்லை என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாதி சரி. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது: தொழிலாளர்களின் வேலையை முடிவுறுத்தல் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம். பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் அது செல்லும். அங்கே ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. ஒழுக்காற்றுக் காரணமென்றால் நிறுத்திய பிறகு இரண்டாவது வேலைநாள் முடிய முன் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். ஆணையாளர் கட்டளையிடும் நட்டஈட்டுக்கும் 2005 முதல் ஒரு சூத்திரம் உண்டு. முதல் ஐந்து வருடச் சேவைக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், பிறகு படிப்படியாகக் குறையும். உச்சவரம்பு 2021இல் 25 இலட்சமாகக் கூடியது. பதினைந்து என்ற இந்த எண் எங்கள் வியாபாரிகளுக்கு மனப்பாடம். ஒரே முதலாளிக்கு நகரத்தில் மூன்று கடை, மூன்றும் மூன்று பெயரில், ஒவ்வொன்றிலும் பதினான்கு பேர் என்றால் அது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன்.

ஆனால் தொழில் நியாயசபைக்கு இந்த எண் இல்லை. பத்துப் பேர் நிற்கும் கடையில் இருந்தும் போகலாம், ஒருவர் மட்டும் நிற்கும் கடையில் இருந்தும் போகலாம். பணிக்கொடையும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று சொல்கிறது. அதற்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவர் பணிக்கொடையைத் தொழில் நியாயசபையில் கேட்கலாம். இதைத் தெரியாமல் விட்டவர்கள் எங்கள் தீவுப் பக்கத்தில் நிறையப் பேர்.

தீவாரின் கதையே கடைக் கதைதானே. கொழும்பு, கண்டி, காலி என்று தெற்கில் எங்கே போனாலும் வேலணையான், புங்குடுதீவான் கடை ஒன்று இருந்த காலம் உண்டு. மீசை முளைக்க முன் பெடியனைக் கூட்டிக்கொண்டு போய் மாமன் கடையில் விடுவார்கள். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. சம்பளம் முதலாளியின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். தங்கச்சியின் கலியாணத்துக்கு எடுத்துத் தருவார். ஒழுங்கான முதலாளி சொன்னபடி தந்தார், சிப்பந்திக்குத் தனிக்கடையும் போட்டுக் கொடுத்தார். அந்த நல்ல பெயர் பொய்யில்லை. 1958இலும் 77இலும் 83இலும் இனக் கலவரங்களில் அந்தக் கடைகள் எரிந்தபோது முதலாளியும் சிப்பந்தியும் ஒரே கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். அதே ஏற்பாட்டில் ஒழுங்கில்லாத முதலாளி கணக்கையே மறந்தார். கேட்டவனை "வளர்த்த கடா" என்றார். சிப்பந்தி எங்கே போய்ச் சொல்வான்? முறைப்படி மாமன். கோயில் திருவிழாவில் அவர் உபயகாரர். பெண் கேட்டுப் போகும்போது முன்னுக்கு நிற்கவேண்டியவரும் அவர்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் நொந்த இடமும் இதுதான். "அண்ணாவுக்குக் காசு தந்த மனிசனை எப்படிக் கோட்டுக்கு இழுக்கிறது, ஊர் என்ன சொல்லும்" என்று அம்மா அழுகிறா என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணாவுக்குத் தந்தது கடன். அண்ணா அதை வட்டியோடு திருப்பிவிட்டார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திருப்பாவிட்டால்கூட அது அவருக்கும் அண்ணாவுக்கும் இடையில் உள்ள கணக்கு. உங்கள் ஏழு வருட உழைப்பை அந்தக் கணக்கில் எழுத ஒருவருக்கும் உரிமை இல்லை. ஊர் என்ன சொல்லும்? கொஞ்ச நாள் உங்களைத்தான் சொல்லும். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை.

இன்னொரு கதையும் எங்கள் ஊரில் உண்டு. கவுண்மேந்து உத்தியோகம் என்றால்தான் பாதுகாப்பு, கடை வேலைக்கு என்ன சட்டம் இருக்கு என்பார்கள். தொழில் நியாயசபையைப் பொறுத்தவரை விசயம் தலைகீழ். கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடத்துக்குச் செல்லாது. இலங்கரத்ன திறந்த கதவால் அவரைப் போன்ற அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் உள்ளே போக முடியாது! 1980 யூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேரை ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் ஒரேயடியாக வெளியில் தள்ளியது. அவர்களில் பலர் வருடக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த கோடீஸ்வரனுக்குச் சிங்களச் சோதனையில் சித்தியடையவில்லை என்று 1962இல் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடலாமா என்ற கேள்விக்கே அவர் 1969இல் இலண்டன் வரை போய்த்தான் "போடலாம்" என்ற மறுமொழியை வாங்கினார். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய சட்டம் செல்லுமா என்ற அடிக் கேள்வி கடைசிவரை தீரவில்லை. நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, யாழ்ப்பாணம் மட்டும் போனால் காணும்.

பொலிஸ் மிரட்டலைப் பற்றியும் சொல்லவேண்டும். களவு என்று முறைப்பாடு கொடுக்க அவருக்கு உரிமை உண்டு, கொடுத்தால் விசாரிப்பார்கள். உண்மையில் களவு என்று அவர் நம்பியிருந்தால் ஒரு மாதச் சம்பளமும் தந்து நல்லபடி விலகச் சொல்வாரா? இதை நியாயசபையில் உங்களுக்காகப் பேசுபவர் கேட்பார். ஆனால் ஒன்றைத் தெரிந்து வையுங்கள். குற்றவியல் வழக்கில் போல ஐயத்துக்கு இடமில்லாமல் களவை நிரூபிக்கவேண்டிய தேவை நியாயசபையில் முதலாளிக்கு இல்லை. எது நடந்திருக்கக்கூடியது என்ற நிகழ்தகவின் நிறையைப் பார்த்தால் போதும் என்று 1975இலேயே உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே ஸ்டொக் எடுத்த நாளில் யார் யார் நின்றார்கள், சாவி யாரிடம் இருந்தது, உங்களிடம் யாராவது விளக்கம் கேட்டார்களா என்பதை எல்லாம் மறக்க முன் திகதியோடு எழுதி வையுங்கள்.

வென்றால் என்ன கிடைக்கும்? திரும்ப வேலையில் அமர்த்தச் சொல்லலாம், அல்லது அதற்குப் பதிலாக நட்டஈடு. சின்னக் கடைகளில், முகம் பார்த்துக் கதைக்க முடியாத நிலை வந்தபிறகு, பெரும்பாலும் நட்டஈடுதான். இங்கே சூத்திரம் இல்லை. வயது, சேவைக்காலம், வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு எல்லாம் பார்ப்பார்கள். 1995இல் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கு எதிரான ஜயசூரியவின் வழக்கில் நீதியரசர் அமரசிங்க, நட்டஈடு என்பது உண்மையில் ஏற்பட்ட பண இழப்பை ஈடுசெய்வதற்கே என்று விரிவாக விளக்கியிருக்கிறார். அதனால் நிறுத்திய நாளிலிருந்து எங்கெங்கே வேலை கேட்டீர்கள், என்ன கிடைத்தது என்ற கணக்கையும் வைத்திருங்கள். வீட்டில் தையல் செய்து உழைத்தால் அதையும் எழுதுங்கள்.

வழக்கு கெதியாக முடியாது. தவணைகள் போகும், வருடங்களும் போகலாம். தோற்ற தரப்பு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். நடுவில் சமரசம் பேசுவார்கள். நியாயமான தொகையென்றால் சம்மதிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நியாயசபையில் உங்களுக்காகச் சட்டத்தரணியும் பேசலாம், தொழிற்சங்க அலுவலரும் பேசலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது திகதி. நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பம் போயிருக்கவேண்டும். தாள் வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், "வரவேண்டாம்" என்ற நாளிலிருந்து எண்ணுங்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, அங்கே கூப்பிட்டுப் பேசி ஒரு முடிவு வரட்டும் என்று காத்திருந்தே காலத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். "தேர் முடியட்டும், பேசித் தீர்ப்பம்" என்று உறவுக்காரர் வந்து சொல்வார்கள். பேசுங்கள். பேசிக்கொண்டே விண்ணப்பத்தையும் போடுங்கள். போட்ட பிறகும் பேசித் தீர்த்து வழக்கைக் கைவாங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் முறையான ஒரு வாசகன்

பி.கு.: உங்களோடு வேலை செய்யும் பிள்ளை கர்ப்பமாக இருக்கிறா, அவவையும் நிறுத்தப்போவதாகக் கதை என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கர்ப்பமென்ற காரணத்துக்காக நிறுத்துவதைக் கடை, அலுவலக ஊழியர் சட்டமே தடுக்கிறது. பிள்ளைப்பேற்று விடுமுறை 84 நாள். 2018இலிருந்து மூன்றாவது, நான்காவது பிள்ளையென்றாலும் அதே 84 நாள்தான். கர்ப்பம் என்பதை இப்போதே எழுத்தில் கடைக்கு அறிவித்து, கிளினிக் கொப்பியின் பிரதியையும் இணைத்து, அதையும் பதிவுத் தபாலில் போடச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் ஒரே நாளில் தபாற்கந்தோருக்குப் போகலாம்.